மைன்கிராஃப்டில் நேரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டைமர் சர்க்யூட் கட்டுவது எப்படி?

பட்டனை அழுத்தினால் இரும்புக் கதவு திறக்க வேண்டும், நாம் வைத்த நேரம் முடிந்ததும் மூட வேண்டும், நேரத்தை மாற்ற ஒவ்வொரு தடவையும் தரையைத் தோண்டக் கூடாது. இதுதானே கேள்வி? நானும் இதே கதவோடு பல நாள் போராடியிருக்கிறேன். நான் விளையாடுவது ஜாவா பதிப்பு.

எல்லாரும் முதலில் போவது ரிப்பீட்டர் வரிசைக்குத்தான் (ரிப்பீட்டர் என்பது ரெட்ஸ்டோன், அதாவது மைன்கிராஃப்டின் மின்கம்பியில் வரும் சிக்னலைக் கொஞ்சம் தாமதித்து அனுப்பும் கருவி). ஒரு ரிப்பீட்டரை முழுசாக நான்காம் நிலையில் வைத்தால் 0.4 நொடி தாமதம் கிடைக்கும். அப்படியென்றால் 10 நொடிக்கு 25 ரிப்பீட்டர் வேண்டும். கட்டிவிடலாம். ஆனால் அடுத்த வாரம் 20 நொடி வேண்டுமென்றால் இன்னொரு 25 ரிப்பீட்டருக்கு இடம் தேட வேண்டும்.

இப்போது ஹாப்பரைப் பாருங்கள், பொருட்களை வாங்கி அடுத்த பெட்டிக்கு ஒவ்வொன்றாகத் தள்ளும் புனல் அது. ஒரு ஹாப்பர் அடுத்த ஹாப்பருக்கு ஒரு பொருளைத் தள்ள எடுத்துக்கொள்வதும் அதே 0.4 நொடிதான். ஆக, ஒரு காபிள்ஸ்டோன் (சாதாரணக் கல்) ஒரு ரிப்பீட்டருக்குச் சமம். 25 காபிள்ஸ்டோன் போட்டால் 10 நொடி, 150 போட்டால் ஒரு நிமிடம். ஹாப்பரில் 5 கட்டம், கட்டத்துக்கு 64 என்று 320 வரை கொள்ளும்; அதாவது 128 நொடி. நேரத்தைக் கம்பியின் நீளத்தில் வைக்காமல் பொருளின் எண்ணிக்கையில் வைத்துவிட்டால், ஹாப்பரைத் திறந்து நாலு கல்லை எடுப்பதோ போடுவதோதான் டைமரைத் திருத்துவது. இது பிடிபட்ட அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

சரி, கட்டுவோம். இரண்டு ஹாப்பர்களை ஒன்றையொன்று பார்த்தபடி வையுங்கள். கற்கள் எல்லாம் இடது ஹாப்பரில். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பேரட்டர் (பெட்டிக்குள் பொருள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் கருவி) வெளியே வரட்டும். உள்ளே ஒரு கல் இருந்தாலும் அது சிக்னல் கொடுக்கும், காலியானால் அணையும். பக்கத்தில் இரண்டு ரெட்ஸ்டோன் டார்ச்களால் (டார்ச் ஒட்டியிருக்கும் கட்டைக்கு சிக்னல் வந்தால் அது அணையும், வராவிட்டால் எரியும்) ஒரு ஆர்எஸ் லாட்ச், அதாவது கடைசியாகச் சொன்னதை நினைவில் வைக்கும் ஸ்விட்ச்: ஒவ்வொரு டார்ச்சின் வெளியீடும் மற்றதன் கட்டைக்குப் போகும், அதனால் எப்போதும் ஒன்றுதான் எரியும். லாட்ச் ‘ஆன்’ ஆக இருக்கும்போது எரியும் பக்கம் கதவைத் திறக்கும், கூடவே வலது ஹாப்பரைப் பூட்டும். ‘ஆஃப்’ பக்கம் எரிந்தால் இடது ஹாப்பரைப் பூட்டும். பூட்டிய ஹாப்பர் எதையும் தள்ளாது, ஆனால் தள்ளி வருவதை வாங்கிக்கொள்ளும். இந்த ஒரு குணத்தை நம்பித்தான் முழு சர்க்யூட்டும் நிற்கிறது.

பட்டன் லாட்ச்சை ஆன் செய்கிறது. கற்கள் இடமிருந்து வலம் போகின்றன. இடது காலியானதும் அதன் கம்பேரட்டர் அணைகிறது. அதை ஒரு டார்ச்சால் புரட்டி (அணைந்ததை எரிவதாக மாற்றி) லாட்ச்சின் ரீசெட்டுக்கு, அதாவது அதை ஆஃப் செய்யும் உள்ளீட்டுக்குக் கொடுத்தால் கதவு மூடிவிடும். பூட்டுகள் இடம் மாறி, கற்கள் தாமாகவே இடப்பக்கம் திரும்பிவிடும்.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. பாதிக் கற்கள் திரும்பியிருக்கும்போது யாராவது பட்டனை அழுத்தினால் கதவு பாதி நேரம்தான் திறந்திருக்கும். அதனால் ‘பட்டன் அழுத்தியிருக்க வேண்டும், வலது ஹாப்பர் காலியாகவும் இருக்க வேண்டும்’ என்று ஒரு அண்ட் கேட் (இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் சிக்னல் விடும் அமைப்பு) தேவை. ரெட்ஸ்டோனில் அண்ட் கேட் என்றால் வழக்கமாக மூன்று டார்ச்: இரண்டு உள்ளீட்டையும் புரட்டி, ஒரே கோட்டில் சேர்த்து, மறுபடி புரட்டுவது. ஆனால் நமக்கு வேண்டியது வலது ஹாப்பர் ‘காலி’ என்ற தகவல், அதாவது அதன் கம்பேரட்டர் சொல்வதற்கு நேர் எதிர். இரண்டு முறை புரட்டினால் பழையபடியே ஆகிவிடும் அல்லவா? அதனால் அந்தப் பக்கம் டார்ச்சே வேண்டாம். பட்டனுக்கு ஒரு டார்ச், அதன் வெளியீட்டோடு வலது கம்பேரட்டரின் கோட்டை நேராகச் சேருங்கள், கடைசியில் ஒரு டார்ச், அது லாட்ச்சை ஆன் செய்யும். இரண்டே டார்ச்சில் வேலை முடிந்தது. இந்த மாதிரிச் சுருக்கங்களைத் தாளில் கேட் வரைந்து பார்த்தால்தான் கண்ணில் படும். கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் வரைந்துவிடுங்கள்.

0.4-க்கும் நுணுக்கமாக நேரம் வேண்டுமென்றால் ரீசெட் கோட்டில் ஒரே ஒரு ரிப்பீட்டர் வையுங்கள். கல் பெரிய திருகு, ரிப்பீட்டர் சின்னத் திருகு: 0.1 முதல் 0.4 வரை. டார்ச் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு 0.1 நொடி சேர்க்கும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மேலே விழும் பொருளை ஹாப்பர் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், ஹாப்பர்களின் தலைக்கு மேல் ஒரு முழுக் கட்டையை வைக்க மறக்காதீர்கள். என் கதவு கோதுமை வயலை ஒட்டி இருந்தது. 10 நொடியில் மூட வேண்டியது ஒருநாள் இழுத்துக்கொண்டே போனது. ஒரு மணி நேரம் டார்ச் டார்ச்சாகச் சோதித்தேன். கடைசியில் ஹாப்பரைத் திறந்தால் 25 கல்லோடு 9 கோதுமை விதை. அந்த 9 விதைதான் கூடுதல் 3.6 நொடி. மேலே கட்டை இருந்தாலும் ஹாப்பரைத் திறக்க முடியும், பயம் வேண்டாம்.

இன்னொன்று: நீங்கள் வெகுதூரம் போய் கேம் அந்தப் பகுதியை இயக்காமல் விட்டுவிட்டால் டைமரும் அப்படியே நின்றுவிடும், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ணும். கதவுக்கு இதனால் ஒன்றும் கெடாது. உலை, பண்ணை என்று வேறு எதற்காவது இதே டைமரை வைக்கப் போகிறீர்களென்றால் அவற்றையும் பக்கத்திலேயே கட்டிவிடுங்கள், எல்லாம் சேர்ந்தே நிற்கும், சேர்ந்தே ஓடும்.