கையில் சின்ன ஜோடி, முன்னால் எத்தனை சிப்ஸ்?

கேள்வி: அண்ணா, எனக்குச் சொந்த ஊர் ஓசூர், வேலை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில். சனிக்கிழமை ராத்திரி எங்கள் ஃபிளாட்டில் ஒன்பது பேர் பணம் வைக்காமல் நோ-லிமிட் ஹோல்டெம் போக்கர் (ஆளுக்கு இரண்டு சீட்டு, மேஜையில் பொதுவாக ஐந்து) டோர்னமெண்ட் ஆடுகிறோம். அடுத்த வருஷம் கோவா கேசினோ ஒன்றில் உட்கார்ந்து பார்க்க ஆசை. கையில் 3-3, 4-4, 5-5 மாதிரி சின்ன ஜோடி வந்தாலே எனக்குக் குழப்பம். ஃபோல்ட் செய்ய, அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலக, மனசு வரவில்லை, ஆடினால் வெளியே போய்விடுகிறேன். போன வாரம் 4-4 வைத்துக்கொண்டு ஒருவர் ஆல்-இன் போக, அதாவது இருந்த சிப்ஸ் முழுவதையும் பந்தயம் வைக்க, நானும் ஈடு வைத்து கால் போட்டேன். அவர் கையில் 9-9. இந்த ஜோடிகளை எப்படித்தான் ஆடுவது?

பதில்: மனசு வராமல் இருப்பது இயல்புதான். கையில் ஏதாவது ஒரு ஜோடி வருவதே 17 முறைக்கு ஒரு முறை. 2-2 முதல் 6-6 வரை என்று பார்த்தால் 44 முறைக்கு ஒரு முறை. அவ்வளவு நேரம் குப்பைச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஜோடியைப் பார்த்ததும் விட மனம் வராது. ஆனால் டோர்னமெண்டில் 4-4 என்பது எப்போதும் ஒரே கை அல்ல. பிளைண்ட் என்பது ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் முன்கூட்டியே போட வேண்டிய கட்டாயத் தொகை; அதில் பெரியது பிக் பிளைண்ட். அது 100/200 ஆக இருக்கும்போது உங்களிடம் 20,000 சிப்ஸ் இருந்தால் அது 100 பிக் பிளைண்ட். மூன்று மணி நேரம் கழித்து பிளைண்ட் 1,000/2,000 ஆகிவிட்டால் அதே 20,000 வெறும் 10 பிக் பிளைண்ட். இந்த இரண்டு நேரத்திலும் 4-4ஐ ஆடும் முறை முற்றிலும் வேறு. அதனால் சீட்டைப் பார்த்த கையோடு சிப்ஸை எண்ணுங்கள், உங்களுடையதை மட்டுமல்ல, எதிராளியுடையதையும்.

முதலில் சிப்ஸ் நிறைய இருக்கும் நேரம். இப்போது சின்ன ஜோடியின் வேலை செட் அடிப்பது. ரம்மி ஆடி வளர்ந்த நமக்கு செட் தெரியும்: ஒரே எண் மூன்று சீட்டு. ஃப்ளாப்பில், அதாவது மேஜையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், உங்கள் மூன்றாவது 4 வருவது சுமார் எட்டரைக்கு ஒரு முறைதான். எதிராளி 2.2 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்து (தொகையை உயர்த்தி), நீங்கள் கால் போடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு முறை செட் விழுவதற்குள் ஏழரை முறை தவறும். அதாவது 16 பிக் பிளைண்டுக்கு மேல் கரைந்திருக்கும். செட் விழும் அந்த ஒரு முறை அத்தனையும் திரும்பி வந்து, மேலேயும் கிடைக்க வேண்டும். செட் விழுந்தாலும் எதிராளி கையில் ஒன்றுமில்லை என்றால் அவர் விலகிவிடுவார், உங்களுக்குச் சில்லறைதான் மிஞ்சும். அதனால்தான் கால் போடும் தொகையைப் போல 15 முதல் 20 மடங்காவது இருவரிடமும் இருக்க வேண்டும் என்பார்கள். நான் 20 என்றே வைத்துக்கொள்வேன். உங்களிடம் 80 பிக் பிளைண்ட் இருந்தும் எதிரே இருப்பவரிடம் 18 மட்டும் இருந்தால், நீங்கள் ஜெயிக்கக்கூடியது அந்த 18தான். பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்.

பிக் பிளைண்டில் நீங்களே உட்கார்ந்திருந்தால் கணக்கு இளகும். ஏற்கனவே ஒன்று போட்டாயிற்று, இன்னும் 1.2 போட்டால் ஃப்ளாப் பார்க்கலாம். தாராளமாகப் பாருங்கள். செட் விழுந்தால் ஒளித்து வைக்காதீர்கள். ராஜா-9-4 விழுந்து எதிராளி கையில் ஏஸ்-ராஜா இருந்தால் அவர் கட்டத் தயாராகத்தான் இருப்பார், நீங்கள் பந்தயம் வைத்தால்தான் பணம் சேரும். செட் விழாமல் ராணி-8-3 மாதிரி வந்து எதிராளி அழுத்தினால் விட்டுவிடுங்கள். ஒன்பது பேர் மேஜையில் முதலில் பேச வேண்டிய இடத்தில் 2-2, 3-3 வந்தால் நான் அப்படியே ஃபோல்ட் செய்துவிடுவேன்.

இப்போது சிப்ஸ் குறைந்த நேரம். போன வாரம் நடந்தது இங்கேதான். ஆல்-இன் போவதும், ஆல்-இன்னுக்கு கால் போடுவதும் ஒன்றல்ல. பட்டனில், அதாவது பிளைண்ட் போடும் இருவருக்கும் நேர் முன்னால் உள்ள டீலர் இடத்தில், நீங்கள், 10 பிக் பிளைண்ட், கையில் 4-4, உங்களுக்கு முன் எல்லாரும் ஃபோல்ட். நடுவில் பிளைண்டுகளும் ஆன்டியும் (பிளைண்டுக்கு மேல் முன்கூட்டியே போடும் கட்டாயத் தொகை) சேர்ந்து 2.5 இருக்கிறது. ஆல்-இன் போகிறீர்கள். மூன்றில் இரண்டு முறை இரு பிளைண்டும் விலகினால் அந்த 2.5 சும்மா கிடைக்கிறது. மீதி ஒரு முறை கால் வந்து, அதில் நூற்றுக்கு 40தான் ஜெயிப்பீர்கள் என்று வைத்தாலும், சராசரியாக ஒவ்வொரு முறையும் ஒரு பிக் பிளைண்டுக்கு மேல் லாபம். அவர்கள் விலகுவதால்தான் இந்த லாபம்.

அதையே திருப்பிப் பாருங்கள். முன்னால் இருப்பவர் 12 பிக் பிளைண்டுக்கு ஆல்-இன் போகிறார், பட்டனில் இருக்கும் நீங்கள் கால் போட வேண்டும். நடுவில் அதே 2.5 இருந்தால், நஷ்டமில்லாமல் இருக்க 45 சதவீதமாவது ஜெயிக்க வேண்டும். அவர் நிதானமான ஆள், 7-7உம் அதற்கு மேற்பட்ட ஜோடிகளும் ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக்கியும் மட்டும்தான் தள்ளுவார் என்றால், 4-4 ஜெயிப்பது சுமார் 36 சதவீதம். பெரிய சீட்டு இரண்டுக்கு எதிரே நீங்கள் பாதிக்குக் கொஞ்சம் மேலே, பெரிய ஜோடிக்கு எதிரே ஐந்தில் ஒரு பங்குதான். 9-9 உங்களுக்குத் துரதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். அந்த காலே தப்பு. ஃபோல்ட்தான் சரி.

நடுவில் 15 முதல் 25 பிக் பிளைண்ட் வரை உள்ள நேரம்தான் எல்லாரையும் படுத்துவது. செட்டுக்காகக் காத்திருக்க சிப்ஸ் போதாது, முதல் ஆளாக எல்லாவற்றையும் தள்ள அது அதிகம். இங்கே எனக்குப் பிடித்த வழி: பிளைண்டில் 5-5, உங்களிடம் 18, பட்டனில் இருப்பவர் எந்தக் கையை வைத்தும் ரெய்ஸ் செய்பவர். அவர்மேல் ஆல்-இன் போடுங்கள். ஆனால் கால் மட்டும் போட்டு 'பார்க்கலாமே' என்று ஃப்ளாப்புக்குப் போகாதீர்கள். பரிசு வட்டத்துக்கு ஓரிரு இடம் வெளியே இருக்கும்போது கால் போடுவதை இன்னும் இறுக்குங்கள்: அப்போது இழக்கும் சிப்ஸின் மதிப்பு, ஜெயிக்கும் சிப்ஸைவிட அதிகம்.

கோவாவுக்கு முன் ஆன்லைனில் பணம் கட்டிப் பழக நினைத்தால் வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. உங்கள் சனிக்கிழமை மேஜையே போதும். சின்ன ஜோடி வரும்போதெல்லாம் அந்தக் கை முடிந்ததும் போனில் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் சிப்ஸ் எத்தனை பிக் பிளைண்ட், எதிராளியுடையது எத்தனை, ஆல்-இன் முதலில் போனது யார். ஒரு மாதம் கழித்து அந்தக் குறிப்புகளை அனுப்புங்கள், ஒவ்வொரு கையாக உட்கார்ந்து பார்ப்போம்.