வளர்ச்சிக் காரணி கொடுத்தால் இன்சுலின் செல்கள் மறுபடி முளைக்குமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, டைப் 1 சுகர். 'குரோத் ஃபேக்டர்' கொடுத்தால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் திரும்ப வளரும் என்கிறார்களே, உண்மையா?

எதை வாங்கினாலும் சரி, ஊசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். டைப் 1 குழந்தைக்கு இன்சுலின் நின்றால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எனக்கு ஊர் சேரன்மகாதேவி. நாலு வருஷம் ஓர் ஆய்வகத்தில் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஆரம்பச் செல், வளர்க்கிற வேலை பார்த்தேன். போன வருஷம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து சித்தி போன் பண்ணினாள். அவள் மகனுக்கும் டைப் 1. "எய்யா, ஒரு பவுடரு வாங்கியிருக்கேன். குரோத் ஃபேக்டராம், செல்லு வளந்திருமாம். பயலுக்கு ஊசிய நிப்பாட்டிரலாமாய்யா?" சித்தி என்றும் பாராமல் போனிலேயே கத்திவிட்டேன்.

குரோத் ஃபேக்டர், அதாவது வளர்ச்சிக் காரணி என்பது கட்டுக்கதை இல்லை, அதனால்தான் ஏமாற்றுவது சுலபமாகிறது. அது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் புரதச் செய்தி. கருவில் கணையம் உருவாவதே இப்படிப்பட்ட செய்திகளால்தான். முதுகெலும்புக்கு முன்னோடியான நோட்டோகார்டிலிருந்து ஆக்டிவின், எஃப்ஜிஎஃப்2 என்ற இரண்டு வளர்ச்சிக் காரணிகள் வந்து, கருவின் குடல் சுவரில் ஓரிடத்தில் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற சமிக்ஞையை அணைக்கின்றன. அணைந்த இடத்தில் கணையம் மொட்டு விடுகிறது. பிறகு மொட்டைச் சுற்றியுள்ள திசு எஃப்ஜிஎஃப்10 என்ற இன்னொரு காரணியைச் சுரக்க, பின்னால் கணையச் செல்களாக முதிரப்போகும் மூலச் செல்கள் பெருகுகின்றன. எஃப்ஜிஎஃப்10 இல்லாத எலிக்கருவில் மொட்டு வருகிறது, ஆனால் வளராமல் நின்றுவிடுகிறது.

அப்படியானால் நிறையக் கொடுத்தால் நல்லதுதானே? அதையும் எலியில் செய்து பார்த்தார்கள். எஃப்ஜிஎஃப்10 ஓயாமல் சுரக்கும்படி மாற்றியபோது மூலச் செல்கள் பெருகிக்கொண்டே போயின, இன்சுலின் செல்லாக முதிரவில்லை. எங்கள் அப்பாவிடம் சொன்னால் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். பிசான நெல்லில் யூரியாவை அள்ளி வீசினால் பயிர் கருகருவென்று நிற்கும், பார்க்க அழகாக இருக்கும், அறுக்கும்போது பதரும் சாய்ந்த தாளும்தான் மிஞ்சும்.

அளவைவிடப் பெரிய விஷயம் நாள் கணக்கு. ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லை இன்சுலின் செல்லாக்க, முதல் சில நாள் ஆக்டிவின் ஏ கொடுக்கிறோம். பிறகு எஃப்ஜிஎஃப்7 என்ற காரணி, வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம். இரண்டு வாரம் போல ஆனதும், ஆக்டிவின் எந்தக் குடும்பமோ அதே டிஜிஎஃப்-பீட்டா என்ற காரணிக் குடும்பத்தின் சமிக்ஞையை மருந்து போட்டுத் தடுக்கிறோம்! ஆரம்பத்தில் வேண்டியிருந்தது, பின்னால் ஆகாது. ஒரு தடவை நான் ஒரு நாள் தாமதமாக மாற்றப்போய் செல் வளர்த்த தட்டு முழுவதையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. இந்த வேலையைப் பாலில் கலக்கிய ஒரு கரண்டி பவுடர் செய்யுமா? அதுவும் புரதத்தை வாயால் கொடுத்தால் வயிற்றில் செரித்துப்போகும். இன்சுலினே புரதம்தான், அதனால்தானே அதை ஊசியில் போடுகிறோம்.

பெரிய ஆய்வகங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2013-ல் 'பீட்டாட்ரோஃபின்' என்ற ஹார்மோன் எலியில் இன்சுலின் செல்களைப் பல மடங்கு பெருக்குவதாகப் பரபரப்பாகச் செய்தி வந்தது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது வரவில்லை. அந்தக் குழுவே 2016-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. தவறை ஒப்புக்கொண்ட அவர்கள்மேல் எனக்கு மரியாதைதான். பவுடர் விற்பவர் எதைத் திரும்பப் பெறப்போகிறார்?

இன்னொன்று. டைப் 1-ல் செல்களை அழிப்பது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே. அம்பாசமுத்திரம் பக்கம் மலையடிவார வயல்காரர்களுக்குத் தெரியும்: பன்றி இறங்குகிற வயலில் மறுபடி மறுபடி நாற்று நட்டு என்ன பிரயோசனம்?

உண்மையான நம்பிக்கை வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் முழுதாக வளர்த்த கணையத்திட்டுகளை (இன்சுலின் செல்கள் அடங்கிய செல் கொத்துகளை), கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியே செலுத்தினார்கள். 2025-ல் வெளியான முடிவின்படி, முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருஷம் கழித்து இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. வளர்ச்சிக் காரணிகளின் வேலை அங்கே தட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் செலுத்திய செல்களைக் காக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். சின்னத் தொற்றுகூடப் பெரிதாகிவிடும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இன்றைய நிலையில் ஊசிதான் அதைவிடப் பாதுகாப்பு என்பேன்.

உங்களிடம் விற்க வருபவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்தக் காரணி, எத்தனையாவது நாளில்? சித்தி வீட்டு டப்பாவின் லேபிளில் அந்தப் பெயர்கூட இல்லை. பையன் ஊசியை விடவில்லை, நன்றாக இருக்கிறான். சித்தி கொடுத்த 4,800 ரூபாய்தான் இன்னும் திரும்பி வரவில்லை.