1790-களில் அமெரிக்காவின் ஓஹையோ எல்லைக் கோட்டைகளுக்கு ராணுவ உடையும் சாமான்களும் எப்படிப் போய்ச் சேர்ந்தன?

பெரும்பாலும் பிலடெல்பியாவிலிருந்துதான். அலெகேனி மலைகளைத் தாண்டி பிட்ஸ்பர்க் வரை வண்டியும் பொதிக்குதிரையும். அப்புறம் ஓஹையோ ஆற்றில் படகேற்றி, சின்சினாட்டியிலிருந்த வாஷிங்டன் கோட்டைக்கு. ஆற்றில் தண்ணீர் வற்றினால் சரக்கு வழியிலேயே தங்கிவிடும்.

1790-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சிப்பாய்க்கு வருடத்துக்கு ஒரு கோட்டு, நான்கு சட்டை, நான்கு ஜோடி ஷூ, ஒரே ஒரு கம்பளிப் போர்வை. காலுறை இரண்டே ஜோடி! மாதச் சம்பளம் 3 டாலர். அதிலும் உடைக்கென்று 90 சென்ட் பிடித்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பிடித்தும் ஏற்பாடு ஒழுங்காக இல்லை. 1791-இல் தளபதி செயின்ட் கிளேரின் அமெரிக்கப் படை பூர்வகுடிகளிடம் தோற்றதை விசாரித்த நாடாளுமன்றக் குழு, சாமான் வழங்கும் துறையிலும் ஒப்பந்ததாரர் தரப்பிலும் நடந்த குளறுபடிகளைத் தோல்விக்கு முக்கியக் காரணமாகச் சொன்னது. உணவு ஒப்பந்ததாரர் வில்லியம் டூயர் 1792-இல் கடனுக்காகச் சிறைக்குப் போனார். தளபதியைவிட இந்த ஒப்பந்ததாரர்கள், சாமான் துறைக்காரர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.