அரவானை வரையலாமா?

அன்புள்ள சார்,

நான் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. என் மகன் புதுச்சேரியில் அனிமேஷன் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் "ஒரு கார்ட்டூன் பாக்கலாம் வாம்மா" என்று லேப்டாப்பில் ஒரு ஹங்கேரி படத்தைப் போட்டான். 1981இல் வந்ததாம், பெயர் ஃபெஹேர்லோஃபியா. ஒன்பது வயது மகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நிறமெல்லாம் அழகுதான். ஆனால் குதிரைக்கு ஆண் குழந்தை பிறக்கிறது, உருவங்களின் உடம்பில் துணி இல்லை, ஒரு குள்ளன் ஆளைப் படுக்கப்போட்டு வயிற்றின் மேல் சுடச்சுடக் கூழை ஊற்றித் தின்கிறான். அதோடு மூடச் சொல்லிவிட்டேன். மகனுக்குக் கோபம். "இது பெரியவங்களுக்கான படம்மா, டார்க் ஃபேண்டஸி, நாட்டுப்புறக் கதையிலேர்ந்து எடுத்தது" என்கிறான். பெரியவர்களுக்கு எதற்குக் கார்ட்டூன்?

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. கடைசி வருட ப்ராஜெக்டுக்கு, பாரதப் போரில் பாண்டவர் ஜெயிக்கக் காளிக்குத் தன்னையே பலிகொடுத்த அர்ஜுனன் மகன் அரவானின் களப்பலியை இதே மாதிரி எடுக்கப் போகிறானாம். நாங்கள் சித்திரையில், அரவானே சாமியாக இருக்கும் கூத்தாண்டவர் கோயிலுக்குப் போய்வரும் குடும்பம். கேட்டதிலிருந்து என் மாமியார் "சாமி குத்தம் ஆயிடும்" என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். பாட்டிகள் சொன்ன கதையை இப்படி ரத்தமும் நிர்வாணமுமாக ஆக்குவது சரியா? மகனும் உங்களை வாசிக்கிறான், அதனால்தான் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒன்பது வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடியது சரிதான். கார்ட்டூன் என்று சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைத்தது உங்கள் மகனின் தப்பு. 2024இல் வந்த புதிய சினிமாத் தணிக்கை விதிகளில் யுஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். வரைந்த படத்துக்கும் அதே கணக்குதான். வரைந்திருக்கிறார்கள் என்பதற்காகப் பால்பாட்டிலோடு பார்க்கலாம் என்று ஆகிவிடாது.

ஆனால் பாட்டிகள் சொன்ன கதை என்கிறீர்களே, அங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். எந்தப் பாட்டி, எந்தக் கதை? நல்லதங்காள் கதையைச் சொல்லாத பாட்டி நம் பக்கம் உண்டா? பெற்றவளே ஏழு பிள்ளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணற்றில் போடுகிறாள், தப்பி ஓடப் பார்க்கும் மூத்தவனையும் விடுவதில்லை. பழையனூர் நீலி, கொன்றவனை அடுத்த பிறவியிலும் தேடிவந்து வயிற்றைக் கிழிக்கிறாள். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும் தீயில் இறங்குகிறார்கள். இதெல்லாம் வெற்றிலை இடித்துக்கொண்டே சொல்லப்பட்டவைதான். பிள்ளைகள் தூங்கியதும் வேறு வகைக் கதைகளும் வெளியே வந்தன. லாஸ்பேட்டையில் வாழ்ந்து 2021இல் மறைந்த எழுத்தாளர் கி.ரா., கிராமத்துப் பாலியல் கதைகளைத் தொகுத்து 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தலைப்பு வைத்தே புத்தகம் போட்டார். எந்தக் கதையை யார் முன்னால் சொல்வது என்ற கணக்கு சொல்கிறவர்களுக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 2025 ஜூலையில் மகாவதார் நரசிம்மா என்ற அனிமேஷன் படம் வந்தது, தமிழிலும் ஓடியது. தியேட்டரில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தக் கதை எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும், இரணியனின் வயிற்றில். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பழகிய சாமி செய்தால் கைதட்டுகிறோம், பழகாத ஊர்க்காரன் செய்தால் லேப்டாப்பை மூடுகிறோம். உங்களைக் குத்திக்காட்டவில்லை, எனக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

சரி, படத்துக்கு வருகிறேன். நீங்கள் மூடிய இடத்துக்குப் பிறகுதான் அது சூடு பிடிக்கிறது. மார்செல் யாங்கோவிச் இயக்கியது, புடாபெஸ்ட்டில் பன்னோனியா ஸ்டூடியோவில் முழுக்கக் கையால் வரைந்தது. தலைப்புக்கு வெள்ளைக் குதிரையின் மகன் என்று பொருள். மேய்ச்சல் நிலத்தில் அலைந்த சித்தியர், ஹூணர், அவார் மக்களின் நினைவுக்கு என்று சமர்ப்பணம் செய்துவிட்டுத்தான் படத்தையே தொடங்குகிறார். குதிரையிடம் பால் குடித்து வளர்ந்த கடைசிப் பிள்ளை, இரண்டு அண்ணன்களைச் சேர்த்துக்கொண்டு, கயிறு கட்டிப் பாதாளத்தில் இறங்குகிறான். கீழே மூன்று இளவரசிகள், காவலுக்கு மூன்று டிராகன்கள். முதலாவதற்கு மூன்று தலை, பார்த்தால் பழைய கற்சிலை மாதிரி இருக்கும். இரண்டாவதற்கு ஏழு தலை, உடம்பு முழுக்கப் பீரங்கியும் இரும்பும். மூன்றாவது பன்னிரண்டு தலை, அது ஒரு நகரம். அடுக்குமாடிக் கட்டடங்களே தலைகளாக எழுந்து நிற்கின்றன. கல், இரும்பு, கான்கிரீட் என்று மனிதனின் பயம் வளர்ந்த வழி அங்கே வரிசையாக நிற்கிறது, படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. (நடுவில் சண்டை மூன்று முறை ஒரே தாளத்தில் வருகிறது. எனக்கும் கொட்டாவி வந்தது, மறைக்கவில்லை.)

பிறகு அண்ணன்கள் அவனைக் கீழேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மேலே வர ஒரே வழி, ஒரு பெரிய பறவை. பறக்கப் பறக்க அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொண்டுவந்த தீனி பாதி வழியில் தீர்ந்துபோகிறது. அவன் தன் உடம்பையே வெட்டி ஊட்டுகிறான். உங்கள் மகன் எங்கே பிடிபட்டான் என்று இப்போது தெரிகிறதா? சதையை அரிந்து கொடுக்கும் பிள்ளையை அவன் சின்ன வயதிலிருந்து சித்திரைக்குச் சித்திரை பார்த்து வளர்ந்திருக்கிறான். அவனை ஹங்கேரியில் சந்தித்ததும் அரவான் ஞாபகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பெரியவர்களுக்கு எதற்குக் கார்ட்டூன் என்ற கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. நடிகர்களை வைத்து எடுத்தால் குதிரை மனிதனைப் பெறுகிற காட்சியை நம்பவைக்கப் படாதபாடு பட வேண்டும். எவ்வளவு கிராஃபிக்ஸ் போட்டாலும் நம் கண் ஓட்டையைத்தான் தேடும். வரைந்த படம் நிஜம் மாதிரி இருப்பேன் என்று வாக்கே கொடுப்பதில்லை. யாங்கோவிச் படத்தில் உருவங்களுக்குக் கறுப்புக் கோட்டில் எல்லை கிடையாது, நிறத்துக்குப் பக்கத்தில் நிறம், அவ்வளவுதான். ஒரு உருவம் கரைந்து அடுத்ததாகிறது. தெருக்கூத்தும் இதே ஜாதிதான். வேஷக்காரர் சபையை ஒரு சுற்று சுற்றி வந்தால் காடு தாண்டியாயிற்று, யாரும் எப்படி என்று கேட்பதில்லை. முக்கிய வேஷம் முதலில் வரும்போது இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொள்ள, பின்னாலிருந்து பாட்டு வரும், கிரீடத்தின் நுனி தெரியும், கால் சலங்கை கேட்கும், ஆள் தெரிய நேரமாகும். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கீர்த்தி என்ற தோளணி, ஒரே நிறம் பூசிய முகம். அது மனித முகமாகத் தெரியக் கூடாது என்றுதான் அந்தப் பூச்சே. இதையெல்லாம் விடிய விடியப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அனிமேஷன் புதுசு என்று நான் நினைக்கவில்லை.

பண்ருட்டிப் பக்கம் ஒரு ஊரில் அரவான் களப்பலி பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பின்னிரவு. அரவான் வேஷம் கட்டியவர் கத்தியை எடுத்து, தோள், மார்பு, தொடை என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பாடிக்கொண்டே அரிந்து காளிக்குப் போடுகிறார். உடம்பில் 32 இடம். ஒரு சொட்டு ரத்தம் காட்டவில்லை, வெறும் கை அசைவுதான். முன் வரிசையில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குறுக்கே வந்து, "எலும்பில்லாத கறியாப் பாத்துப் போடுப்பா, ஆத்தாவுக்குப் பல்லு ஆட்டம்" என்றான். அழுதுகொண்டிருந்த அதே பெண்கள் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் அரவானின் தாய் நாகக்கன்னியின் ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது. எனக்கு உடம்பு சில்லிட்டது அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான்.

டார்க் ஃபேண்டஸி என்று இப்போது வருவதில் பெரும்பாலானவற்றில் எனக்குப் பிடிக்காதது இந்த இடம்தான். திரையைக் கறுப்பாக்கி, ரத்தத்தை ஊற்றி, எல்லோரையும் உறுமவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கட்டியக்காரன் இல்லை. நாட்டுப்புறக் கதை கொடூரத்தைச் சொல்லும்போது குரலை மாற்றுவதில்லை. அண்ணன்கள் விட்டுப் போனார்கள், பறவைக்குப் பசித்தது, இவன் வெட்டிக் கொடுத்தான், மேலே வந்தான். ஏன் இப்படி என்று யாரும் உட்கார்ந்து விளக்குவது கிடையாது. உங்களைப் பயமுறுத்திய அந்தக் கூழ்க் காட்சியும் கட்டியக்காரன் வேலைதான். இன்னொரு முறை, மகள் தூங்கிய பிறகு, பார்த்தால் சிரிப்பும் வரும்.

இனி சாமி குத்தம். இதில் உங்கள் மாமியார் பக்கம்தான் நான். சாமி வந்து கண்ணைக் குத்தும் என்பதால் இல்லை. இந்தக் கதைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். பலிக்கு முந்தின இரவு கண்ணன் மோகினியாக வந்து அரவானைக் கட்டிக்கொண்டான் என்பது கதை. அதே மாதிரி கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்கு அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகள் மறுநாள் தாலியறுத்து வெள்ளைச் சேலை கட்டுகிறார்கள். நம் பக்கம் கொத்தட்டையிலும் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் இருக்கிறார். காப்புக் கட்டி விரதம் இருந்து வேஷம் போடும் கூத்துக்காரர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு இது ஃபேண்டஸி இல்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, அழுகிற முகத்தைக் கிட்டத்தில் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிறவர்களை அங்கே வருடா வருடம் பார்க்கலாம். அது குத்தம். உங்கள் மகன் செய்யப்போவது அந்த வகையா, வேறு வகையா என்பதுதான் விஷயம். மோகினியின் ஒரு இரவைக் கிளுகிளுப்புக்கு வரைந்தால் நானே மாமியாரோடு சேர்ந்து திட்டுவேன். வரைந்ததைக் கொண்டுபோய்க் கூத்துக்காரர்களிடமும் திருநங்கைகளிடமும் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தினால் எந்தச் சாமிக்கும் ஆட்சேபணை இருக்காது. பாரதக் கூத்து முடியும் துரியோதனன் படுகளத்தன்று, மண்ணால் செய்து கிடத்திய அந்தப் பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள், பீமன் தொடையை உடைத்ததும் அந்த மண்ணையே வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். நம் சாமிகள் அவ்வளவு தொட்டாச்சிணுங்கி இல்லை.

மகனுக்கு இரண்டு விஷயம். ஒன்று, யாங்கோவிச் மாதிரி வரையாதே தம்பி. அவருடைய டிராகன் அவருடைய ஊரில் முளைத்தது. உனக்கு நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது. சுரங்கத்துக்குள் பல்வாளிச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு பழுப்பு மண்ணைக் கரண்டிக் கரண்டியாகத் தின்னும் அந்த இயந்திரத்தைப் பார்த்திருப்பாய். 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ ஊர் காலியாகிப் போனது. ஊர் காலியானால் ஊர்க்கோடியில் குதிரையோடு நிற்கும் ஐயனார் எங்கே போவார்? பாதாளத்தில் இறங்கும் கதைக்கு நீ ஹங்கேரி வரை போக வேண்டியதில்லை.

இரண்டாவது, களப்பலியைக் களப்பலியோடு முடிக்காதே. அரவான் கேட்ட வரத்தில் ஒன்று, பதினெட்டு நாள் போரையும் பார்க்க வேண்டும் என்பது. வெட்டிய தலை கம்பத்தின் மேல் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. அப்பன், பெரியப்பன், சித்தப்பன், பாட்டன் எல்லோரும் கீழே ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள், தலையால் திரும்ப முடியாது, இறங்கி ஓட முடியாது. நானாக இருந்தால் முழுப் படத்தையும் அந்த ஒரே உயரத்திலிருந்து, அந்த ஒரே கோணத்தில் வரைவேன். பட்ஜெட்டும் குறையும்.

அம்மா, சித்திரைக்கு முன்னால் அவனை ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துக் கூத்துக்கு அனுப்புங்கள். முன் வரிசை வேண்டாம், வேஷம் கட்டுகிற கொட்டகைக்குள் அனுமதி கேட்டு ஒரு ஓரமாக உட்காரட்டும். மாமியாரையும் கூட அனுப்பினால் நல்லது. எந்த வேஷத்துக்கு எந்தப் பாட்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.