பி.எட். பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகப்போகிறேன். ரெக்கார்டில் எழுதும் பாடத்திட்டம் வகுப்பில் உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் இப்போது ரெக்கார்டு நோட்டில், அதாவது ஒவ்வொரு வகுப்பையும் எப்படி எடுப்பது என்று எழுதிக் கல்லூரியில் காட்டும் நோட்டில், எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, அந்த வடிவத்தில் அப்படியே உதவாது. நான் பி.எட். கல்லூரியில் கணிதம் கற்பித்தல் முறை எடுக்கிறேன், அதற்கு முன்பு பள்ளியில் கணக்கு வாத்தியார், அதனால் இரண்டு பக்கக் கூத்தும் தெரியும். நீங்கள் கணிதம் என்றும், ஏழாம் வகுப்பு கொடுப்பார்கள் என்றும், சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதியாகிவிட்டது ஆனால் உள்ளே போய் என்ன செய்வது என்று புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

ரெக்கார்டில் ஒரு பாடத்திட்டம் ஊக்குவித்தல், பாட வளர்ச்சி, தொகுத்தல், மதிப்பிடுதல், வீட்டுப்பாடம் என்று படிப்படியாகப் போகிறதே, அதன் வேர் ஹெர்பார்ட் என்ற ஜெர்மானியக் கல்வியாளரிடம் இருக்கிறது. அவர் 1841-இல் காலமானார், அவருடைய சீடர்கள்தான் அதை ஐந்து படிகளாக்கிப் பரப்பினார்கள். அறிதல், புரிதல், பயன்படுத்துதல் என்று கற்பித்தல் நோக்கங்களைப் பிரிப்பது அமெரிக்கக் கல்வி உளவியலாளர் புளூமும் அவரது குழுவினரும் 1956-இல் வெளியிட்ட வகைப்பாடு. இரண்டும் மோசமில்லை, ஒரு பாடத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று யோசிக்க வைக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் ரெக்கார்டைத் திறந்து 'மாணவர் செயல்பாடு' என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். 'மாணவர்கள் உற்றுநோக்குகின்றனர்', 'மாணவர்கள் கவனமாகக் கேட்கின்றனர்', 'மாணவர்கள் சரியான விடை கூறுகின்றனர்'. பத்து பாடத்துக்கும் இதுதான் இருக்கும், நான் திருத்துகிற கட்டுக் கட்டான நோட்டுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. ஆசிரியர் பக்கம் பக்கமாகப் பேசுகிறார், பிள்ளைகள் உற்றுநோக்கிக்கொண்டே இருக்கிறார்கள். எந்த ஊர்ப் பிள்ளைகள் இப்படி என்று எனக்குத் தெரியவில்லை!

அந்தக் கட்டத்தில் பிள்ளைகள் சொல்லப்போகும் தப்பான விடையை எழுதுங்கள். என் பதிலில் இது ஒன்றை எடுத்துக்கொண்டால்கூடப் போதும்.

தசம எண்களை எடுத்துக்கொள்வோம். '0.35, 0.5, இரண்டில் எது பெரியது?' என்று கேட்டால் பாதி வகுப்பு 0.35 என்றுதான் சத்தமாகச் சொல்லும். ஐந்தைவிட முப்பத்தைந்து பெரியது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. முழு எண்களில் இத்தனை வருடம் கைகொடுத்த விதி அது, ஆகவே அவர்கள் முட்டாள்தனமாகப் பேசவில்லை. பயிற்சி ஆசிரியர் இந்த விடையை எதிர்பார்க்காமல் வந்திருந்தால், 'தப்பு, வேற யாரு?' என்று முன்வரிசைப் பக்கம் திரும்புவார், எப்போதும் சரியாகச் சொல்கிற ஒரு பெண் எழுந்து 0.5 என்பாள், 'வெரி குட்', பாடம் நகர்ந்துவிடும். மற்றவர்கள் மனதில் 0.35-தான் இன்னும் பெரியது.

எதிர்பார்த்து வந்தவர் என்ன செய்யலாம்? பத்துக்குப் பத்து கட்டம் போட்ட தாள், நூறு சின்னச் சதுரம், இரண்டு பேருக்கு ஒன்று. முழுத் தாளும் 1 என்றால் 0.5-க்கு எத்தனை சதுரம், 0.35-க்கு எத்தனை, வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். ஐம்பது, முப்பத்தைந்து. கண்ணுக்கு முன்னால் இருக்கும், நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம், 'இப்ப சொல்லுங்க, ஏன் முன்னாடி அப்படித் தோணுச்சு?' என்று மட்டும் கேளுங்கள். 'பூச்சியம் புள்ளி முப்பத்தைந்து' என்று நாமே வாசித்துப் பழக்கிவிட்டால் இந்தக் குழப்பம் கூடும், அதனால் 'பூச்சியம் புள்ளி மூன்று ஐந்து' என்று வாசியுங்கள். ரூபாய் பைசா உதாரணம் புத்தகங்களில் வரும், நான் அதில் தொடங்க மாட்டேன், இந்தப் பிள்ளைகள் கையில் ஐம்பது பைசா புழங்கவே இல்லை. ஸ்கேல் பரவாயில்லை, சென்டிமீட்டருக்குள் பத்துக் கோடு இருப்பதை அவர்களே எண்ணிப் பார்க்கலாம்.

தப்பான விடை எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்பீர்கள். அந்த வகுப்புப் பிள்ளைகளின் பழைய தேர்வுத்தாள்களை வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள், அரை மணி நேரத்தில் அள்ளிக்கொள்ளலாம். அவரிடமே 'சார், இந்தப் பாடத்துல எங்க மாட்டுவாங்க?' என்றும் கேளுங்கள். ரெக்கார்டில் கையெழுத்து போடச் சொன்னால் சலித்துக்கொள்கிற ஆசிரியர்கூட இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பேசுவார்.

நுண்ணிலைக் கற்பித்தல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை அது. ஒரே ஒரு திறன், சில நிமிடப் பாடம், நாலைந்து மாணவர்கள், அதைப் பதிவு செய்து பார்த்து, திருத்தி, மறுபடி எடுப்பது. நம் கல்லூரிகளில் மாணவர்களாக உட்காருவது சக பி.எட். மாணவர்கள்தான். முதுகலை முடித்தவர் ஏழாம் வகுப்புப் பிள்ளையாக நடிக்கிறார், கேட்டதும் பட்டென்று சரியான விடை. கேள்வி கேட்கும் திறனுக்கு மார்க் கிடைக்கிறது, விடைக்குப் பிறகு என்ன செய்வது என்பதை யாரும் பழகவில்லை. உங்கள் குழுவில் இரண்டு பேரிடம் சொல்லிவையுங்கள்: ஒருவர் நம்பும்படியான தப்பு விடை சொல்ல வேண்டும், இன்னொருவர் எழுப்பினாலும் வாயே திறக்கக் கூடாது. அப்புறம் பாருங்கள் வேடிக்கையை. மறுகற்பித்தலைத் தயவுசெய்து உண்மையாகச் செய்யுங்கள், பெரும்பாலான இடங்களில் அது தாளில் மட்டும்தான் நடக்கிறது. செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்தால் பதிவும் ஆச்சு.

நேரம். 45 நிமிடப் பாடவேளை என்று திட்டத்தில் எழுதுவீர்கள். முந்தைய ஆசிரியர் வெளியே வர, பிள்ளைகள் தண்ணீர் குடித்து வர, கரும்பலகையில் இருக்கும் வரலாற்றை அழிக்க என்று போனால் முப்பத்தைந்து மிஞ்சினாலே பெரிது. முப்பதுக்கு எழுதுங்கள், மிச்சத்துக்கு இரண்டு கணக்கு கையில் வைத்திருங்கள்.

வகுப்புக்குள் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுபோக வேண்டாம் என்றுதான் சொல்வேன் (பார்வையிட வருகிறவருக்காக மேசையில் இருக்கட்டும்). ஒரு தாளை மடித்து, கேட்கப்போகும் நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் வரக்கூடிய தப்பு விடை, வகுப்பு முடியும்போது கரும்பலகை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு சின்னப் படம், இவ்வளவையும் எழுதிக்கொள்ளுங்கள். கரும்பலகைப் படம் அற்பமாகத் தெரியும், ஆனால் புதியவர்கள் இடம் தெரியாமல் எழுதி, நடுவில் அழித்து, பிள்ளை நோட்டில் பாதிக் கணக்கோடு நிற்கும் காட்சியை நான் வாரா வாரம் பார்க்கிறேன்.

'பிள்ளைகள் என்னை மதிப்பார்களா, சத்தம் போட்டால் என்ன செய்வது' என்றும் கேட்டிருந்தீர்கள். 'ட்ரெய்னிங் மிஸ் தானே' என்று முதல் சில நாள் சோதிப்பார்கள், அது இயல்பு. வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போங்கள், 'ஏய், அந்த மூணாவது பெஞ்ச்' என்பதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்துவரை எண்ணி, அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற நாற்பது பேரும் நிம்மதியாகிவிடுவார்கள். இதைத் தாண்டி வகுப்பைக் கட்டுப்படுத்தத் தனி வித்தை எதுவும் என்னிடம் இல்லை, கையில் வேலை இருக்கும் பிள்ளைகள் அவ்வளவாகச் சத்தம் போடுவதில்லை.

ஆசிரியர் கல்விக்கான தேசிய அமைப்பான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகளின்படி இரண்டு வருடப் படிப்பில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி, வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதிலும் எமிஸ் என்ற பள்ளி இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதியும் வேலையிலும் போகும், சண்டை போட்டுப் பயனில்லை. காலி வகுப்புக்கு அனுப்பினால் அந்தக் கட்டம் போட்ட தாளை எடுத்துப் போங்கள். முதல் வாரம் பாடம் எடுக்கச் சொல்லவில்லையே என்று வருத்தப்படாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியரை விட்டுவிட்டு ஒரே ஒரு பிள்ளையை முழுப் பாடவேளையும் கவனியுங்கள். எப்போது எழுதுகிறான், எப்போது பக்கத்து நோட்டைப் பார்க்கிறான், எந்த இடத்தில் கைவிடுகிறான் என்று குறித்துவையுங்கள். உங்கள் பாடத்தை நண்பர் பார்க்க வரும்போதும் 'எப்படி இருந்துச்சு?' என்று கேட்காதீர்கள், 'சூப்பர்' என்றுதான் சொல்வார். இன்று வாயே திறக்காத பிள்ளைகள் யார் யார் என்று மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள், மறுநாள் முதல் கேள்வி அவர்களுக்கு.