துரையப்பாவுக்கு பஸ்ஸில் வரலாம், திரும்பிப் போவதுதான் பிரச்சினை

கேள்வியை ஒருமுறை எழுதிவிடுகிறேன்: "பருத்தித்துறையிலிருந்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்குக்கு உதைபந்தாட்ட இறுதிப்போட்டி பார்க்க வர இருக்கிறேன். போட்டி நாளில் வாகன நெரிசல் எப்படி இருக்கும்? பஸ்ஸில் வரலாமா, மோட்டார் சைக்கிளில் வருவதா?"

வருவதற்கு பஸ் நல்லது. திரும்புவதற்கு பஸ்ஸை மட்டும் நம்பி வராதீர்கள். ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் வேலணைக்காரன், பண்ணைப் பாலம் தாண்டிய தீவுப் பக்கம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அந்த மைதானத்துக்குப் போய் வருகிறேன். சைக்கிளில் போயிருக்கிறேன், பஸ்ஸில் போயிருக்கிறேன், இப்போது மோட்டார் சைக்கிள். நடந்து திரும்பிய கதையும் ஒன்று இருக்கிறது, அது பிறகு.

முதலில் இடத்தைப் பாருங்கள். மைதானத்தைச் சுற்றிப் பொது நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், சுப்பிரமணியம் பூங்கா, கோட்டை, முற்றவெளி, முனியப்பர் கோவில். பஸ் நிலையத்திலிருந்து ஆறுதலாக நடந்தாலும் பத்து நிமிடம்தான், முழங்கால் வருத்தம் உள்ளவருக்குக் கால் மணித்தியாலம். நகரின் நடுவில், பஸ் நிலையத்தின் காலடியில் ஒரு விளையாட்டரங்கு கிடைப்பது பெரிய கொடுப்பினை. 2016 யூனில் இந்திய உதவியோடு புனரமைத்துத் திறந்தபோது 1,850 பேர் இருந்து பார்க்கலாம் என்றார்கள். வெளிநாட்டு அரங்குகளோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு மூலைக்குக் காணாது. இவ்வளவு சின்ன அரங்குக்கு முன்னால் ஏன் வீதி அடைபடுகிறது?

சாதாரண லீக் போட்டிக்கு அடைபடுவதே இல்லை. கிழமை நாளில் நாலு மணிக்குப் போனால் வாசலிலேயே மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு, பிடித்த இடத்தில் இருக்கலாம். இறுதிப்போட்டி வேறு. குருநகர், பாசையூர், நாவாந்துறை என்று கரையோர ஊர்களில் ஒன்று இறுதிக்கு வந்தால் அந்த ஊரே கிளம்பி வரும். அவர்கள் நடந்தே வரக்கூடிய தூரம், அவர்களால் வீதிக்குத் தொல்லை குறைவு. இளவாலை, வல்வெட்டித்துறை போன்ற தூரத்து ஊர்கள் வந்தால்தான் வாகனம். இருக்கையை எண்ணியா ஆட்கள் வருகிறார்கள்? மதிலில் ஏறுவான், மரத்தில் ஏறுவான்.

அப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிளில்தான் வருகிறார்கள். பஸ்ஸில் வரலாம் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் எப்படித் திரும்புவது என்பதும் தெரியும்.

நேரக் கணக்கைப் பாருங்கள். நோட்டீசில் 4 மணி என்று போட்டிருக்கும். பிரதம விருந்தினர் வரவேண்டும். அவர் வந்தால் சிறப்பு விருந்தினர் வரவேண்டும். மாலை, பாண்ட், கொடியேற்றம், பிறகு இரண்டு அணி வீரர்களுக்கும் வரிசையாகக் கைகொடுத்தல். பந்து உருளும்போது 4.30 தாண்டிவிடும். 45 நிமிடம், இடைவேளை 15, மறுபடி 45. இடையில் யாராவது காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடப்பான். 6.20, 6.25 ஆகிவிடும். சமநிலை என்றால் வெளிச்சம் போய்விடும் என்று மேலதிக நேரம் கொடுக்காமல் நேரே சமநிலை தவிர்ப்பு உதைக்குப் போவதும் உண்டு. அது முடிய 6.45. பரிசளிப்பில் ஒவ்வொருவரும் "இரண்டு வார்த்தை" பேசி முடிக்க 7.15. யாழ்ப்பாணத்தில் உள்ளூர் பஸ்கள் மெலிந்து போகும் நேரமும் அதுதான். பகலில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடிய மினிபஸ்கள் இருட்டியதும் எங்கே போகின்றன என்றே தெரியாது.

இப்போது என் கதை. ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு இறுதிப்போட்டிக்கு நானும் ஒரு நண்பனும் பஸ்ஸில் போனோம். சமநிலை. உதைகள் தொடங்கும்போது மணியைப் பார்த்தேன். ஓடினால் தீவுப் பக்கக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம். நண்பன் ஓடினான். நான் நின்றேன். ஐந்தாவது உதையைக் கோல்காப்பாளர் இடது பக்கம் பாய்ந்து தட்டினார் பாருங்கள், அதைப் பார்க்காமல் போனவனுக்கு இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறேன். சரி, பஸ் நிலையத்துக்குப் போனால் எங்கள் தரிப்பிடத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருக்கிறது. பக்கத்தில் மிச்சக்காசு எண்ணிக்கொண்டிருந்த ஒரு நடத்துநர், "தம்பி, உங்கட பக்கம் இனி விடியத்தான்" என்றார். ஓட்டோக்காரர் கேட்ட காசில் அடுத்த நாலு போட்டி பார்க்கலாம்.

நடந்தேன். பண்ணைப் பாலத்தில் இரவுக் காற்று என்னவென்று அதில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும், சட்டையைப் பிடித்து இழுக்கும். இரண்டு பக்கமும் கடல், தூரத்தில் களங்கட்டி வலைக்காரரின் விளக்கு ஒன்றிரண்டு. பாதி தூரம் போனபிறகு மீன் ஏற்றும் கூலர் வாகனம் ஒன்று நின்றது. பின்னால் வெறும் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து வீடு போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்த அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டது: "மச் பாக்கப் போனனியோ, மீன் வாங்கப் போனனியோ?"

அடுத்த வருடம் தவணைக் காசுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்தேன். அதன் பிறகு போட்டிக்கு பஸ்ஸில் போனதே இல்லை. அன்றிலிருந்து அந்த நெரிசலில் நானும் ஒரு ஆள். என்னைப் போல ஆளுக்கொரு கடைசி பஸ் கதை வைத்திருப்பவர்கள்தான் அந்த வீதியை நிரப்புகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நெரிசலின் வடிவத்தையும் சொல்ல வேண்டும். வரும்போது பெரிதாகத் தெரியாது, மூன்று மணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தானே வருகிறார்கள். முடிந்ததும் எல்லாரும் ஒரே நிமிடத்தில் வெளியே வருவார்கள். வீதியின் இரண்டு கரையிலும் மோட்டார் சைக்கிள். அதற்கு வெளியே ஊர்க் கழகங்கள் வாடகைக்குப் பிடித்துவந்த மினிபஸ்களும் வான்களும். அந்த பஸ்கள் கிண்ணம் வரும்வரை அசையாது, வென்ற அணி என்றால் கூரையில் ஆட்கள், மேளம், வெடி. இதற்குள்ளே ஒருவர் எதிர்ப்பக்கமிருந்து காரைக் கொண்டுவந்து நுழைப்பார். நுழைக்காமல் இருக்க அவரால் முடியாது.

எனக்கு உண்மையில் பயம் தருவது ஆஸ்பத்திரி வீதி. போதனா வைத்தியசாலை அங்கே இருக்கிறது. பின்னேரம் நோயாளரைப் பார்க்க வந்தவர்கள் திரும்பும் கூட்டமும் போட்டிக் கூட்டமும் அந்தப் பக்கத்தில்தான் கலக்கும். அம்புலன்ஸ் ஒன்று அந்த நெருக்கத்துக்குள் நின்று கத்துவதை ஒருமுறை பார்த்தேன். பெடியள் கையைக் கோத்துக்கொண்டு வழி விலக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பெடியள் அங்கே நின்றது அதிர்ஷ்டம்.

"எங்கட சனத்துக்கு ஒழுங்கு தெரியாது" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. இதே சனம்தானே நல்லூருக்குப் போகிறது. 25 நாள் திருவிழா. கோவிலைச் சுற்றி வீதிகளை மறித்துவிடுவார்கள், வாகனம் உள்ளே போகாது. தடைக்கு வெளியே வீட்டுக்காரர் தங்கள் வளவைத் துப்புரவாக்கி, கயிறு கட்டி, துண்டு கொடுத்து சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பார்த்துக்கொள்வார்கள். விசேட பஸ்களும் ஓடும். தேரன்று எவ்வளவு கூட்டம், ஆனாலும் எங்கே இறங்கி எங்கே நடப்பது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதில் பத்தில் ஒரு பங்கு கூட்டம்கூட இறுதிப்போட்டிக்கு வருவதில்லை. மறிப்பதற்கு நாலு கம்பும், முடிந்தபின் புறப்படும் நாலு பஸ்ஸும் போதும்.

ஜேர்மனியில் டோட்முண்ட் பக்கம் என் மச்சான் இருக்கிறார். அங்கே மைதானத்தில் 81,000 பேருக்கு மேல் கொள்ளும். போட்டி ரிக்கெற்றையே காட்டி அந்த வட்டாரத்து ரயிலிலும் பஸ்ஸிலும் போய் வரலாம். கார் எடுத்துப் போகிறவனுக்குத்தான் செலவு. லண்டனில் வெம்பிளிக்குப் பக்கத்தில் சித்தி வீடு. போட்டி நாளில் அவர்களின் வீதியில் அனுமதி அட்டை இல்லாத கார் நிற்க முடியாது. நாங்கள் சொந்தக்காரர் போவதென்றாலும் விருந்தினர் அனுமதி எடுத்துத்தான் காரை விடவேண்டும். 90,000 பேர் கொள்ளும் அரங்குக்குப் பெரும்பாலானோர் ரயிலில்தான் வருகிறார்கள். மச்சானிடம் எங்கள் மைதானத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் உள்ள தூரத்தைச் சொன்னபோது, "இவ்வளவு கிட்டவோ? பிறகேன் கஷ்டப்படுறியள்?" என்றார். பதில் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

2022 இல் பெற்றோல் இல்லாமல் போனதே, அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் அடிக்கும் முறை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த 4 லீற்றரைப் போட்டி பார்க்க எரிப்பவன் யார்? எல்லாரும் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தார்கள். அந்த நாட்களில் நான் பார்க்கப் போன போட்டி ஒன்று முடிந்து ஐந்து நிமிடத்தில் வீதி வெறுமை. பண்ணைப் பாலத்தில் மணி அடித்துக்கொண்டு கூட்டமாகத் திரும்பினோம். அப்பா அந்தக் காலத்தில் ஒரே சைக்கிளில் இரண்டு பேராக டபிளில் போன கதையைச் சொல்லும்போது முகத்தில் வரும் வெளிச்சம் ஏனென்று அன்றைக்கு விளங்கியது. (எதிர்க் காற்றில் மிதித்ததில் மறுநாள் தொடை விளங்காமல் போனதையும் எழுதத்தான் வேண்டும்.)

பண்ணைப் பாலம் என்றதும் இன்னொன்று. மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1 அன்று ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். எங்களுக்குச் சந்தோசம்தான், வீட்டு வாசலுக்கு வருகிறது. ஆனால் யாழ்ப்பாண நகரிலிருந்து அங்கே போகக் கடலுக்கு நடுவே போகும் அந்தப் பண்ணைத் தாம்போதி ஒன்றுதான் வழி. துரையப்பாவில் நூலகப் பக்கமாவது கோட்டைப் பக்கமாவது விலகிப் போகலாம். அங்கே விலகினால் கடல். பஸ்ஸை இப்போதே யோசிக்காவிட்டால் தீவார் எல்லாரும் போட்டி முடியும்வரை வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பருத்தித்துறையிலிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல். அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இரவில் அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிள் வேண்டாம். உங்கள் ஊர்க் கழகமோ பக்கத்து ஊர்க் கழகமோ இறுதிக்கு வந்திருந்தால் அவர்களைக் கேளுங்கள், ஆதரவாளருக்குக் கட்டாயம் பஸ் பிடித்திருப்பார்கள். காசு கொடுத்து இரண்டு இடம் எடுப்பதுதான் இருக்கும் வழிகளில் சிறந்தது. கூரையில் ஏறாதவர்களுக்கு உள்ளே எப்போதும் இடம் இருக்கும்.

அது சரிவராவிட்டால் மத்தியானமே சாதாரண பஸ்ஸில் வாருங்கள். இறங்கிய உடனே உங்கள் பக்கத்துக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நேரக் காப்பாளரிடம் கேளுங்கள், நடத்துநரிடமும் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தைச் சொன்னால் நம்பலாம். பருத்தித்துறைப் பக்கம் எங்களைவிடப் பரவாயில்லை, கொஞ்சம் பிந்தியும் பஸ் கிடைக்கும். பரிசளிப்புக்கு நிற்காமல் இறுதி விசிலோடு எழுந்தால் பெரும்பாலும் தப்பலாம்.

இல்லை, மோட்டார் சைக்கிள்தான் என்றால் மைதான வாசலில் மட்டும் விடாதீர்கள். முதலில் விட்டவனின் வண்டிதான் கடைசியில் வெளியே வரும். பஸ் நிலையப் பக்கத்து வாகனப் பாதுகாப்பு நிலையத்தில் காசு கொடுத்து விட்டுவிட்டு நடந்து வரலாம். ஆனால் எத்தனை மணிக்குப் பூட்டுவார் என்று துண்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஏழு மணிக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்ட ஒருவரை அவருடைய வீடு தேடிப்போய் எழுப்பிய அனுபவமும் எனக்கு இருக்கிறது.

அப்பாவுக்கு முழங்கால் பிரச்சினை ஏதும் இருந்தால் பஸ் நிலையத்திலேயே ஒரு ஓட்டோக்காரரைப் பேசி, அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கி வையுங்கள். முடிந்தபின் வாசலுக்கு வரச்சொல்லாதீர்கள், அவரால் வர முடியாது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்கச் சொல்லுங்கள்.