பாஸ்வேர்ட் சரியா போட்டும் உள்ள விட மாட்டேங்குது, மறுபடியும் காசு கேக்கறாங்க

கேள்வி: அண்ணா, சிவதாபுரத்துல வீட்டோட சேந்த சின்ன வெள்ளிப் பட்டறைங்க, நானும் எங்க வீட்டுலயும்தான் வேலை. கடைக்காரங்க லாகின் பண்ணி கொலுசு மாடல், கிராம், கூலி பாத்து ஆர்டர் போடற மாதிரி 35,000 ரூபாய்க்கு ஒரு வெப்சைட் செஞ்சு வாங்கினேன், மூணு மாசம் கூட ஆகல. போன மாசம் செக்யூரிட்டி மாத்தறோம்னு ஏதோ பண்ணாங்க, அதுலருந்து யாரு லாகின் போட்டாலும் 'பாஸ்வேர்ட் தவறு'ன்னு செவப்பு எழுத்துல வருது, ஃபர்காட் பாஸ்வேர்ட் போய் புதுசு வச்சாலும் அதேதான். கேட்டா உங்க ஆளுங்க தப்பா டைப் பண்றாங்கங்கறாங்க, சரி பண்ண 8,000 தனியாவாம். குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க தம்பி, கொஞ்சம் பொறுங்க.

தப்பா டைப் பண்றதுங்கறது நடக்கற விஷயம்தான், போன் கீபோர்டு முதல் எழுத்த தானா பெருசாக்கிடும், சில நேரம் கடைசில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கும். ஆனா அது ஒருத்தர் ரெண்டு பேருக்கு வரும், எல்லாருக்குமா வரும்? அத இப்படி பாத்துடுங்க: லாப்டாப்ல நோட்பேடுல ஒரு பாஸ்வேர்ட் அடிச்சு கண்ணால பாத்துக்கங்க, அதையே காப்பி பண்ணி புது அக்கவுண்ட் ஒண்ணு போடுங்க, அதே காப்பிய லாகின்லயும் ஒட்டுங்க. அப்பவும் தவறுன்னு வந்தா கோளாறு அவங்க பக்கம்தான், அந்த ஸ்கிரீன தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

நீங்க சொல்றத வச்சு எனக்கு தோணறது ஒண்ணு இருக்கு. பாஸ்வேர்ட அப்படியே டேட்டாபேஸ்ல, அதாவது சைட்டோட விவரமெல்லாம் சேத்து வைக்கற இடத்துல, வைக்கக் கூடாது, ஹாஷ்னு ஒரு நீள எழுத்துக் கோர்வையா மாத்தித்தான் வைக்கணும். பழைய எம்டி5 முறைல அது 32 எழுத்து. இப்ப வெப்சைட் எழுதற பிஎச்பி மொழில பெரும்பாலும் வைக்கற பிகிரிப்ட் முறைல 60 எழுத்து வரும், டாலர் குறியில ஆரம்பிக்கும். செக்யூரிட்டி மாத்தறோம்னு சொன்னது இந்த மாத்தமாத்தான் இருக்கணும், முறைய மாத்துனவங்க டேட்டாபேஸ்ல ஹாஷ் வைக்கற கட்டத்தோட அகலத்த, அதாவது எத்தன எழுத்து கொள்ளும்ங்கறத, பழையபடி 32, 40, 50ன்னு விட்டிருந்தா என்ன ஆகும், மைஎஸ்க்யூஎல்ங்கற டேட்டாபேஸ் சாப்ட்வேர் கண்டிப்பான மோடுல இல்லாட்டி வாலை நறுக்கிட்டு மிச்சத்த சத்தமில்லாம சேத்துக்கும். அப்புறம் எத்தன தடவ சரியா போட்டாலும் பொருந்தாது, ரீசெட் பண்ணாலும் புது ஹாஷோட வாலும் போயிரும். பழைய கஸ்டமருங்களுக்கு எம்டி5ல கெடக்கறதும் புது முறைல செல்லாது. அதான் ஒருத்தர் பாக்கியில்லாம வெளிய நிக்கறாங்க.

அவங்கள உங்க முன்னாடி டேட்டாபேஸ திறந்து புதுசா ரீசெட் பண்ண ஒருத்தரோட ஹாஷ் எத்தன எழுத்துன்னு எண்ணச் சொல்லுங்க, 60 இருக்கா பாருங்க. கம்மின்னா அகலத்த 255 ஆக்கணும், ஒரே வரி வேலை. ஆனா நறுக்கின வால் திரும்ப வராது, அகலப்படுத்தினதுக்கு அப்புறம் எல்லாரும் ஒரு தடவ ரீசெட் பண்ணியே ஆகணும், இத சொல்லாம விட்டா 'சரி பண்ணியும் வரல'ன்னு மறுபடி ஒரு வாரம் இழுப்பாங்க. 60 முழுசா இருந்தா கோடுல ஒப்பிடற இடத்துலதான் தப்பு, அதையும் அவங்கதான் பாக்கணும்.

செவப்பு எழுத்தே வராம லாகின் பேஜுக்கே திரும்பி வந்தா அது வேற கேஸ், பாஸ்வேர்ட் சரியா இருந்தும் குக்கி, அதாவது நீங்க லாகின் ஆனத பிரவுசர் ஞாபகம் வச்சுக்கற குறிப்பு, நிக்கலன்னு அர்த்தமா இருக்கலாம், அட்ரஸ்ல டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டும் போடாமயும் தொறந்து பாருங்க.

ஒண்ணு மட்டும் விட்டுடாதீங்க. சரி பண்ணி குடுத்த அன்னைக்கு ஃபர்காட் பாஸ்வேர்ட் அமுக்கிப் பாருங்க, உங்க பழைய பாஸ்வேர்டே மெயில்ல வந்து நின்னா அவங்க ஹாஷே பண்ணல, எல்லாரோடதும் தொறந்து கெடக்குதுன்னு அர்த்தம். கடைக்காரங்க பாதி பேர் மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டதான் வச்சிருப்பாங்க, அவங்க நம்பிக்கைய நீங்கதான் காப்பாத்தணும்.

இப்ப காசு விஷயம். ஒட்டு விட்டுப் போச்சுன்னு ஒருத்தர் வாங்கின கொலுச மூணே மாசத்துல திருப்பி கொண்டாந்தா நீங்க கூலி கேப்பீங்களா, ஊதிக் குடுத்துத்தான அனுப்புவீங்க, இதுவும் அப்படித்தான், அவங்க கை வச்சு கெட்டத அவங்கதான் சரி பண்ணணும். போன்ல பேசாதீங்க, வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ எழுதுங்க, என்னைக்கு கெட்டுது, என்ன டெஸ்ட் பண்ணீங்க, 15 நாளுக்குள்ள இலவசமா சரி பண்ணணும்னு. அசையலன்னா 1915க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுக்கும் மேல சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே போடலாம், பிரச்சனை வந்த நாள்லருந்து 2 வருஷத்துக்குள்ள. வியாபாரத்துக்கு வாங்கினது, நுகர்வோர் ஆக மாட்டீங்கன்னு எதிர்ப்பக்கம் சொல்லுவாங்க, 2019 சட்டத்துல சுயதொழிலா சொந்தப் பிழைப்புக்கு வாங்கறவங்கள தனியா பாக்கற விளக்கம் இருக்கு, அத வச்சு வாதாட இடம் இருக்கு, ஆள் வைக்காம நீங்களும் வீட்டுக்காரம்மாவும்தான் பட்டறை ஓட்டறீங்கங்கறத மனுல மறக்காம எழுதுங்க.

லெட்டர் அனுப்பறதுக்கு முன்னாடி டொமைனும் (சைட் அட்ரஸ்) ஹோஸ்டிங்கும் (சைட் இருக்கற சர்வர் இடம்) யாரு பேர்ல, யாரு மெயில்ல இருக்குன்னு பாத்துடுங்க, அவங்க பேர்ல இருந்தா முதல்ல அத உங்க பேருக்கு மாத்தி வாங்கிட்டு, டேட்டாபேஸ் பேக்கப் ஒண்ணு பென்டிரைவ்ல கைல வாங்கிக்கங்க.